மாதிரிக் கடதாசியும் மனித உழைப்பும்

சித்திரையின் பிற்பகுதியிலே காண்டாவனம் தொடங்கியதும் யாழ்ப்பாணத்து மணலும் மதிலும் ஒருங்கே கொதிக்கின்றன. அந்நாட்களில், கடையிலே வாங்கிய செயற்கை இழைச் சட்டையை அணிந்துகொண்டு வகுப்பறையில் நிற்பது எத்தகைய தண்டனை என்பதை ஆசிரிய நண்பர்கள் நன்கறிவர். வியர்வையை உறிஞ்சாது உடலோடு ஒட்டிக்கொள்ளும் அத்துணியின்மீது கொண்ட வெறுப்பினாலேயே, சென்ற விடுமுறையில், இரண்டு பருத்திச் சட்டைகளை நாமே வீட்டில் தைத்துக்கொள்வதென முடிவு செய்தோம். தாயார் காலத்துத் தையற் பொறி ஒன்று யன்னலோரத்தில் இருந்தது. அதனை இயக்கத் தெரிந்த தமக்கையாரும் வீட்டில் இருந்தார்.

சமுதாயப் பிரச்சினைகளை ஆராயும் ஏட்டிலே சட்டை தைத்த கதையை எழுதுவானேன் எனச் சிலர் வினவலாம். அவ்வினா நியாயமானதே. ஆயினும், தைத்து முடித்தபோது எம்முள் எழுந்த கேள்வி சட்டையளவிலே நின்றுவிடவில்லை. தன் உடையைத் தானே தைத்துக்கொள்ளும் மனிதன் எதிலிருந்து விடுதலை பெறுகின்றான்? எவருக்கு இன்னும் கடன்பட்டவனாகவே இருக்கின்றான்? இவற்றையே ஈண்டு சிந்திக்க முற்படுகின்றோம்.

முதலில் வேலையின் இயல்பைக் கூறவேண்டும். பருத்தித் துணி நனைந்தாற் சுருங்கும். ஆதலின் வெட்டுமுன்னரே அதனை நனைத்து உலர்த்திக்கொள்ள வேண்டும். பின்னர் மாதிரிக் கடதாசி ஆயத்தம் செய்யப்படும். முன்பக்கம், முதுகு, கை, கழுத்துப்பட்டி என்று ஒவ்வோர் உறுப்பையும் உரிய அளவிலே பழைய செய்தித்தாளில் வரைந்து, தையலுக்கென விளிம்பிலே சிறிது இடம் விட்டு வெட்டியெடுப்பதே அது. அக்கடதாசியைத் துணியின் பாவு நூலுக்கு ஒத்துவருமாறு பரப்பி, குண்டூசியாற் குத்தி, ஓரம் பிடித்துக் கத்தரிக்கோலைச் செலுத்தவேண்டும். பாவின் போக்கைத் தவறவிட்டால் சட்டை ஒருபுறம் இழுக்கும். நாம் அதனினும் பெரிய தவறொன்றைச் செய்தோம். கைக்குரிய கடதாசியைத் திருப்பிப் போட மறந்து, இரண்டு இடக் கைகளை வெட்டிவிட்டோம். ஒரு பக்கத்தில் மட்டுமே கோடுகள் அச்சிடப்பட்ட துணியாதலின், அவற்றுள் ஒன்றைப் புரட்டிப் பயன்படுத்தவும் இயலவில்லை. வளைந்த உடலைத் தட்டையான துணியிலே அடக்கும் கணிதம் எத்துணை நுட்பமானது என்பதை அந்தத் துணித்துண்டு எமக்குக் கற்பித்தது.

இக்கணிதம் நெடுங்காலமாகத் தையற்காரரின் தொழில் இரகசியமாக இருந்துவந்தது. துணி வெட்டுபவனே தொழிலின் தலைவன். அவனிடம் பல்லாண்டுகள் பணிந்து நின்றே சீடன் அக்கலையைப் பெறவேண்டியிருந்தது. அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்திலே ஸ்ரேர்லிங் என்னும் ஊரில் தையற்காரராக இருந்த எபனேசர் பற்றரிக் என்பவர், வெவ்வேறு உடலளவுகளுக்கு ஏற்ப வெட்டப்பட்ட கடதாசி மாதிரிகளை 1863-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். முதலில் ஆடவர்க்கும் சிறுவர்க்கும் உரிய உடைகளுக்கும், 1866 முதல் பெண்களின் உடைகளுக்கும் அவை கிடைத்தன. அவர் வணிக நோக்குடனேயே அதனைச் செய்தார் என்பதில் ஐயமில்லை. எனினும் சிலருடைய கைக்குள் மறைந்திருந்த ஓர் அறிவு, மடித்த மெல்லிய கடதாசியாகச் சாதாரண வீடுகளுக்குள் நுழைந்தது. சீமான்களின் தையற்காரரை நாட வசதியற்ற பெண்ணொருத்தி தன் மேசையிலே அவ்வறிவை விரித்துப் பார்க்க முடிந்தது.

அதே 1863-ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இலண்டன் மாநகரில் நிகழ்ந்த ஒரு மரணத்தையும் நினைவுகூர வேண்டும். மேரி ஆன் வாக்லி என்னும் இருபது வயதுப் பெண், சீமாட்டிகளுக்கு உடை தைக்கும் நிலையமொன்றிலே தொழில் செய்தவள். புதிதாக வந்த வேல்ஸ் இளவரசியைக் கௌரவிக்கும் நடன விருந்துக்கு உடைகள் அவசரமாக வேண்டப்பட்டன. வேறு அறுபது பெண்களோடு, ஓர் அறைக்கு முப்பதுபேராக அடைபட்டு, அவள் 26½ மணிநேரம் இடைவிடாது தைத்தாள். வெள்ளிக்கிழமை நோயுற்றாள், ஞாயிற்றுக்கிழமை இறந்தாள். கார்ல் மார்க்ஸ் 1867-இல் வெளியிட்ட ‘மூலதனம்’ முதற் பாகத்திலே, வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில், அவளுடைய பெயரைப் பதிந்துவைத்தார். அத்திலாந்திக்கின் ஒரு கரையில் வெட்டும் அறிவு வீடுகளுக்குப் பரவத் தொடங்கிய அதே ஆண்டில், மறுகரையில் தைக்கும் கை உயிரிழந்தது.

தையற் பொறியின் வரலாறும் இத்தகைய இருமுகம் கொண்டதே. பிரான்சிலே திமோனியே என்பவர் அமைத்த பொறிகள் இராணுவ உடைகளைத் தைத்தன. 1831-இல் தையற்காரர் திரண்டு சென்று அவற்றை உடைத்தெறிந்தனர். பிழைப்புப் பறிபோகும் என்ற அவர்களது அச்சத்தை வெறும் அறியாமை எனத் தள்ளிவிட முடியாது. மறுபுறத்திலே, பொறிகளின் ஆதிக்கத்தைக் கடுமையாகச் சாடிய காந்தியடிகளே, 1924-இல் மாணவர் ஒருவருடன் நிகழ்த்திய உரையாடலில், சிங்கர் தையற் பொறிக்கு விதிவிலக்கு அளித்தார். மனைவி படும் பாட்டைக் கண்டு இரங்கியே சிங்கர் அதனை அமைத்தார் என அவர் நம்பினார். வரலாறு அத்துணைக் கனிவானதன்று. காப்புரிமை வழக்குகளும் இலாப வேட்கையும் நிறைந்த கதை அது. ஆனால், அப்பொறியைச் செய்வதற்கே பெருந் தொழிற்சாலை வேண்டுமே என மாணவர் மடக்கியபோது, அத்தகைய தொழிற்சாலைகள் அரசின் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ இருக்கவேண்டும் என்று அவர் விடையளித்தார். மூன்றாண்டுகளின் பின், 1927 நவம்பரில், கதருக்கு நிதி திரட்டியபடி யாழ்ப்பாணத்துக்கு வந்தவரும் அவரே. பொறியைப் பற்றிய விவாதம் உடைமையைப் பற்றிய விவாதமாக மாறாமல் இருக்கமுடியாது என்பதை அவ்வுரையாடல் உணர்த்துகின்றது.

நிற்க. இப்போது எமது நாட்டுக்கு வருவோம். பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதை அடுத்து, 1978-இல் கட்டுநாயக்காவிலே சுதந்திர வர்த்தக வலயம் அமைக்கப்பட்டது. பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் அங்கே தையற் பொறிகளின் முன் அமர்த்தப்பட்டனர். 2009-இல் யுத்தம் முடிவுற்றபின் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் அத்தகைய தொழிற்சாலைகள் எழுந்தன. பிறநாட்டார் தம் கோடையிலும் குளிரிலும் அணியும் உடைகளை எமது பெண்கள் தைக்கின்றனர். துணி பெரும்பாலும் வெளியிலிருந்து வருகின்றது. தைத்த உடை வெளியே செல்கின்றது.

அத்தொழிற்சாலையிலும் மாதிரி உண்டு. அங்கே அது கணினியிலே வரையப்பட்டு, அடுக்கடுக்காகப் பரப்பிய துணியை ஒரே தடவையில் வெட்டப் பயன்படுகின்றது. தைக்கும் பெண் அம்மாதிரியை வரைவதுமில்லை, வெட்டுவதுமில்லை. ஒருத்தி நாள் முழுவதும் கழுத்துப்பட்டியை மட்டும் பொருத்துகின்றாள். இன்னொருத்தி பையை மட்டும் தைக்கின்றாள். ஒவ்வொன்றுக்கும் இத்தனை நிமிடம் என்று கணக்கு உண்டு. பல்லாண்டுகள் அங்கே உழைத்த பெண் ஒரு முழுச் சட்டையைத் தன் கையால் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஆக்காமலே வேலையை விட்டுப் போகலாம். வீட்டிலே அறிவைப் பகிர்ந்தளித்த அதே கருவி, ஆலையிலே உழைப்பவளிடமிருந்து அறிவைப் பிரித்தெடுக்கும் கருவியாகிவிடுகின்றது. எவருடைய மேசையில் விரிக்கப்படுகின்றது என்பதைப் பொறுத்தே அதன் அறம் அமைகின்றது.

நாம் துணியிலே குத்திய குண்டூசியே இதற்குப் பழைய சாட்சி. 1776-இல் அடம் ஸ்மித், உழைப்புப் பிரிவினையால் விளையும் பெருக்கத்தை விளக்க எடுத்துக்கொண்ட உதாரணம் குண்டூசித் தொழிலே. பதினெட்டுச் செயல்களாகப் பிரிக்கப்பட்ட வேலையாற் குண்டூசிகள் மலைபோற் குவிவதை அவர் வியந்தார். ஆனால் அதே நூலின் பிற்பகுதியிலே, வாழ்நாள் முழுவதும் ஓரிரு எளிய செயல்களையே செய்பவனின் அறிவு மழுங்கிப்போகும் என்றும் எச்சரித்தார். முன்னதைப் பாராட்டுவோர் பின்னதை மறந்துவிடுவது வழக்கம்.

இவ்வாறாயின், அனைவரும் தத்தம் உடையைத் தாமே தைத்துக்கொண்டால் அநீதி ஒழியுமன்றோ என நல்லெண்ணம் படைத்தோர் கூறுவர். இரண்டாவது சட்டை முடிந்த மாலையிலே நாமும் அவ்வாறுதான் எண்ணிப் பெருமிதம் கொண்டோம். துணி, நூல், பொத்தான் ஆகியவற்றின் விலையைக் கூட்டி, கடைச் சட்டையின் விலையோடு ஒப்பிட்டு, மிச்சப்பட்ட பணத்தைத் தமக்கையாருக்கு வாசித்துக் காட்டினோம். கழுத்துப்பட்டியைப் பிரித்து இருமுறை திருத்தித் தந்தவர் அவரே. பொறியிலிருந்து தலை நிமிராமலே அவர் கேட்டார்:

“தம்பி, உந்தக் கணக்கிலை என்ரை கூலி எங்கை?”

எமக்கு விடை கூற இயலவில்லை. முப்பது ஆண்டுகளாக அவ்வீட்டின் யன்னற் சீலைகளும் தலையணை உறைகளும் பிள்ளைகளின் பாடசாலைச் சட்டைகளும் அவர் கையாலேயே உருவாகின. அவற்றை நாம் ‘செலவில்லாமல்’ கிடைத்தவை என்றே எண்ணி வந்தோம். வீட்டுத் தையல் மலிவானது என்று கூறும்போதெல்லாம் ஒரு பெண்ணின் நேரத்துக்குப் பூச்சியம் என விலையிடுகின்றோம். ஆலை முதலாளி குறைந்த கூலியாவது கொடுக்கின்றான். முற்போக்காளர் எனத் தம்மை அழைத்துக்கொள்ளும் நாம் அதுவும் கொடுக்கவில்லை. சுரண்டலைப் பற்றி மேடையிலே பேசுவோர் தம் வீட்டு யன்னலோரத்தையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தல் தகும்.

விடுதலை என்ற எண்ணமும் ஆராயத்தக்கதே. சட்டையை நாம் தைத்தோம். துணியை நாம் நெய்யவில்லை, பருத்தியை நாம் பறிக்கவில்லை, ஊசியை நாம் வார்க்கவில்லை. எமது மேசைக்கு வருமுன் அத்துணி எத்தனையோ கைகளைக் கடந்து வந்திருக்கின்றது. தனி மனிதன் சமுதாய உழைப்பிலிருந்து விலகித் தூய்மை பெறுதல் இயலாத காரியம். அன்றியும், நாம் ஒதுங்கிக்கொள்வதால் கட்டுநாயக்காப் பெண்ணுக்கு விளையும் நன்மை யாது? 2013 ஏப்ரல் 24-ஆம் நாள் பங்களாதேசத்திலே ராணா பிளாசாக் கட்டடம் இடிந்து, 1,100-க்கும் மேற்பட்ட ஆடைத் தொழிலாளர் மாண்டனர். முதல்நாளே சுவரிலே வெடிப்புகள் காணப்பட்டன. எனினும் அவர்கள் வேலைக்கு அழைக்கப்பட்டனர். அங்கே அவர்களுக்கு வேண்டியிருந்தது, மறுத்து வெளியே நிற்கும் வலிமை. அவ்வலிமையைத் தருவது தொழிற்சங்கமும் சட்டமும் அவற்றின் பின்னால் நிற்கும் மக்களுமே.

அங்ஙனமாயின் வீட்டிலே தைப்பதால் ஒரு பயனுமில்லையா? உண்டு என்பதே எம் கருத்து. அது அறிவின் பயன். கழுத்துப்பட்டியின் முனையைச் சரிவரத் திருப்ப ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்ட மனிதன், கடையிலே மிக மலிவாகத் தொங்கும் சட்டையை முன்போற் பார்க்கமாட்டான். ‘இவ்விலையில் இத்தனை தையல்கள் எவ்வாறு அடங்கின? எவருடைய கூலியிலிருந்து இம்மலிவு கழிக்கப்பட்டது?’ என்று அவனுடைய விரல்களே கேட்கும். தன் கை அறிந்த உழைப்பை மனிதன் எளிதிலே மறப்பதில்லை. 2011 மே மாத இறுதியில், தனியார் துறை ஊழியருக்கான ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்துக் கட்டுநாயக்காத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிலே ரொஷேன் சானக்க என்னும் இளந்தொழிலாளி உயிரிழந்தார். அரசாங்கம் அச்சட்டமூலத்தைக் கைவிட்டது. அச்செய்தியை அன்று நாம் பத்திரிகையிலே படித்துவிட்டு மடித்து வைத்தோம். இன்று படிக்க நேர்ந்தால் அவ்வாறு மடித்து வைப்பது கடினம்.

ஆதலின் இவ்வறிவு ஒருசாராருக்கு மட்டும் உரியதாக இருத்தலாகாது. தையலைப் பெண்பிள்ளைகளின் பாடமென்று ஒதுக்கிவைத்த பழக்கத்தை ஆசிரியர்களாகிய நாமே உடைக்கவேண்டும். ஆண்பிள்ளையும் ஒரு சட்டைக்கு மாதிரி வெட்டட்டும். இரண்டு இடக் கைகளை வெட்டி விழிக்கட்டும். கேத்திரகணித வகுப்பிலே கற்கும் வளைகோடு கைக்குழியாக மாறுவதை அவனும் காணட்டும். அதே வகுப்பிலே, ஒரு சட்டைக்குச் செல்லும் உழைப்பையும் அதைத் தைப்பவள் பெறும் கூலியையும் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

எமது ஒழுங்கையின் முடிவிலே, யுத்தத்திற் கணவனை இழந்து, ஒரு தையற் பொறியின் துணையால் மூன்று பிள்ளைகளைப் படிப்பிக்கும் அம்மையார் ஒருவர் இருக்கின்றார். முன்பெல்லாம் அவர் கேட்கும் கூலியைக் குறைத்துக் கொடுப்பது எமக்கு இயல்பாகவே இருந்தது. இவ்வாண்டு மூன்றாவது சட்டைக்குரிய துணியை, நாமே வெட்டிய மாதிரிக் கடதாசியுடன், அவரிடம் கொண்டுசென்றோம். அவர் கூலியைக் கூறினார். பேரம் பேச எமக்கு நா எழவில்லை.