வெந்நீர்த் துறையில் காத்திருந்தவர்

கரமனையாற்றங்கரையில் மாலை வேளைகளில் கூடி அளவளாவுவது நம் அன்பர் சிலரது வழக்கம். அகத்தியமலைச் சாரலில் பிறந்து வரும் ஆறு இது. அவலோகிதரிடம் அகத்தியர் தமிழ் கேட்டார் என்று வீரசோழியத்தில் புத்தமித்திரர் கூறியிருப்பதால், இவ்வாற்றின்மீது நமக்கு ஒரு தனி அன்பும் உண்டு, அது நிற்க. அக்கரையில் ஒருநாள் ஒரு வினா எழுந்தது. நெடுங்காலம் நீர்த்துறையினின்றும் விலக்கப்பட்டோர், உரிமை எய்திய பின்னர் அத்துறையில் எவ்வளவு நேரம் நிற்கலாம்?

நகைப்பிற்குரிய வினா அன்று. 1927 மார்ச்சு 20-ஆம் நாள் மகாடு நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீரள்ளிப் பருகினார். அதற்காகவே அவரைப் பின்பற்றி வந்தோர் தாக்கப்பட்டனர். திருவிதாங்கூரிலோ 1893-இல் அய்யன்காளி பொதுச்சாலையில் வில்வண்டி ஏறிச் சென்றதே பெரும் போராட்டமாயிற்று. இவ்வரலாற்றை உடையோர்க்குச் சாலையும் நீரும் அற்பப் பொருள்கள் ஆகா.

இவ்வினாவைச் சுமந்தே நாம் கயையிலிருந்து மோட்டார் வண்டியில் இராஜகிருகம் சென்றோம். வைபார மலையடியில் வெந்நீர் ஊற்றுகள் பல சுரக்கின்றன. பிரமகுண்டம் என்பதில் வெப்பம் ஏறத்தாழ 45 பாகை. மழைநீர் நிலத்தின் ஆழத்தே இறங்கி, அங்குள்ள வெம்மையேற்று, பாறைப் பிளவுகளின் வழியே மீண்டும் மேலெழுகின்றது. இதில் தெய்விகம் ஏதுமில்லை. நீர் பாவத்தைப் போக்குமாயின் மீனும் தவளையும் முன்னரே வீடு பெற்றிருக்குமே என்ற கருத்துப்பட, நீர் சுமக்கும் அடிமைப் பெண்ணாயிருந்த புண்ணிகை ஓர் அந்தணரை மடக்கிய செய்தி தேரிகாதையில் உள்ளது.

இவ்வூற்றைப் பாலி நூல்கள் தபோதா என்னும். விநயபிடகம் கூறும் நிகழ்ச்சி ஒன்று இங்கு நடந்ததே. மகத வேந்தன் பிம்பிசாரன் தலைமுழுகுவதற்கு வந்தான். பிக்குகள் நீராடிக்கொண்டிருந்தனர். அவர்கள் முடிக்கட்டும் என்று மன்னன் ஒதுங்கி நின்றான். இருட்டும் வரை அவர்கள் முடிக்கவில்லை. பின்னர் நீராடித் திரும்பியபோது கோட்டைக் கதவு அடைபட்டிருக்க, வேந்தன் தன் நகருக்கு வெளியிலேயே இரவைக் கழித்தான்.

சங்கத்தில் அக்காலத்தே யார் யார் இருந்தனர் என்பதை எண்ணுக. இந்நகரில் குப்பை வாரிய சுனீதர் துறவு பூண்டார். நாவிதரான உபாலியைத் தங்களுக்கு முன்னரே சங்கத்திற் சேர்க்குமாறு சாக்கியக் குமாரர்களே வேண்டினர். அவ்வுபாலியே பின்னர் இதே வைபார மலையின் குகையில் கூடிய முதற் சங்கத்தில் விநயத்தை ஓதினார். அத்தகையோர் நீராட, முடிமன்னன் காத்து நின்றான் எனின், நம் உள்ளம் ஒருகணம் களிக்கின்றது. களிப்பதில் தவறென்ன என்றும் தோன்றுகின்றது.

பகவரோ களிக்கவில்லை. காத்திருந்தவனை அவர் கடிந்திலர், காக்கவைத்தோரையே கடிந்தார். அரைத் திங்களுக்கு ஒருமுறைக்கு மிகாமல் நீராடுக என்னும் விதி, பாசித்தியத்துள் 57-ஆவது, இவ்வாறு பிறந்தது. கோடைவெம்மை, நோய், வேலை, வழிப்பயணம், காற்றோடு கூடிய மழை ஆகிய காலங்களுக்குப் பின்னர் விலக்கும் அளித்தார். விதி கடுமையன்று, ஆயின் அது மன்னனுக்கு விதிக்கப்பட்டதன்று என்பதே நாம் கருதவேண்டுவது.

இதனையெல்லாம் நாம் நன்கு அறிவோம். அறிந்தே அன்று காலை ஏழுதாரையின்கீழ் நின்றோம். பயணக் களைப்பு நீங்க, வெந்நீர் தோளில் வீழ, விநய விதிகளைப் பற்றியே உரக்கப் பேசிக்கொண்டு நின்றோம்! நெடுநேரம் கழித்தே ஒரு முதியவரைக் கண்டோம். கையில் சிறு செம்பு. சுவரோரமாய், ஒன்றும் கேளாமல் நின்றார்.

பிம்பிசாரன் மரியாதையால் நின்றான். நிற்பது அவன் விருப்பம். இவர் எதனால் நின்றார்? தலைமுறை தலைமுறையாய் நின்று பழகியதனாலா, நம் உடையையும் உரத்த குரலையும் கண்டு அஞ்சியா? அவர் குலத்தைக் கேட்பது நம் நெறியன்று. கேட்டிருப்பினும் நம் பிழை குறைந்திராது.

நாம் விரைந்து விலகினோம். அவர் கைகூப்பினார், நமக்கு அது பொறுக்கவில்லை. பிறகு தாரையின்கீழ்ச் சென்று, தலையில் இரண்டு மூன்று செம்பு நீர் வார்த்துக்கொண்டு, அடுத்து நின்ற சிறுவனைக் கையசைத்து அழைத்துவிட்டுப் படியேறிப் போனார்.