அழுக்காறும் ஊக்கமும்

பிறர் ஆக்கங் கண்டவிடத்து உள்ளஞ் சுடுதல் உயிர்க்கியல்பு. அச்சூடு அடுப்பினுள் நின்று அன்னஞ் சமைக்குமோ, கூரையிற் பற்றி ஊரைக் கொளுத்துமோ என்பதே நாம் ஆராயற்பாலது.

கண்டியினின்றும் மாத்தளைக்குச் செல்லும் வழியிலுள்ள அக்குறணை, முஸ்லிம் வணிகர் தழைத்த ஊர். 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதக் கலகத்திலே அவ்வூர்க் கடைகளுந் தாக்குண்டன. அதற்குக் காரணம் பலவாகுக. பிறர் செல்வங் கண்டு வேகும் நெஞ்சும் அத்தகைய தீக்கு விறகேயாம். அயலான் கடை அழிந்தமையால் அழித்தவன் உலையிலே ஒருபிடி அரிசியேனும் மிகுந்ததுண்டோ?

ஆறுமுகநாவலரை நோக்குமின். மிஷனரிமார் பாடசாலையாலும் அச்சியந்திரத்தாலும் மேம்பட்டமை கண்டு, அவற்றை இடிக்க எண்ணினாரல்லர். 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். பின்பு சென்னையினின்றும் அச்சியந்திரமும் வருவித்தார்.

ஆதலின், மனம் வெதும்பும்பொழுது நம்மை நாமே வினவுவோமாக. அயலான் பொருள் அழியின், நமக்கொன்றும் வாராவிடினும் மகிழ்வோமோ? ஆயின் அஃது அழுக்காறு. அவன் பொருள் அவனிடத்தே நிற்க, நாமும் முயன்று பெற விழைகின்றோமோ? ஆயின் அஃது ஊக்கம். முன்னதை நெற்றித் திருநீறும் மறைக்கமாட்டாது. பின்னதற்குச் சிவபெருமான் திருவருள் துணைநிற்கும்.