துணிவுக்கு விலை கொடுப்பவர் யார்?



நிலையான வேலையை விட்டு, கைத்தொலைபேசி வழியே பிறர் பொருட்களுக்கு விளம்பரம் செய்து, தரகுப் பணத்தில் பிழைக்கலாமா என்ற கேள்வி மொனராகலைத் தோட்டப் பெற்றோருக்கும் இன்று எழக்கூடியதே. இதில் பாவம் ஏதுமில்லை. ஆயினும், பெற்றோரின் துணிவுக்கு விலை கொடுப்பவர் யார் என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, அரைப்பேருக்கு அஞ்சி மலையேறும் தாய் வேறு வழி தேடுவது பேராசையன்று. மனிதனுக்காகவே வேலை என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981இல் தம் சுற்றுமடலில் போதித்தார்.

ஆனால், சம்பளம் கையில் வரும் காசு மட்டுமன்று. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி இன்று 8 வீதம் கொடுக்க, முதலாளி 12 வீதம் சேர்க்கிறார். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 வீதம். தரகுத் தொழிலில் இவற்றைச் சேர்க்க முதலாளி இல்லை. முதுமைக்கு ஒன்றும் சேராவிட்டால், அந்தச் சுமை இன்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் தோளில் விழும். அதற்கு அவன் சம்மதம் கேட்கப்படவில்லை.

புனித சின்னப்பர் கொரிந்து நகரில் கூடாரம் செய்து பிழைத்தார். எவருக்கும் பாரமாகாதிருக்கவே உழைத்ததாகத் தம் திருமுகங்களில் எழுதினார். சுயதொழிலுக்கு அதுவே உரைகல்.

ஆகவே, கணவனும் மனைவியும் கூடிப் பேசுங்கள். ஒருவர் பெயர் செக்ரோலில் நிற்க, மற்றவர் முயலட்டும். நகையை அடகு வைத்து இறங்காதீர்கள். தரகில் ஒரு பங்கை முதுமைக்கென ஒதுக்குங்கள். கேட்பதற்குத் துரை இல்லை என்று ஞாயிறு திருப்பலியையும் பிள்ளைகளின் மாலைப்பொழுதையும் விற்றுவிடாதீர்கள்.

கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்கிடச் சொன்ன ஆண்டவர், கட்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை.