பூட்டும் முன் கேட்கவேண்டிய கேள்வி

தருமபுரி மாவட்டத்தின் சொந்த இனம் ஆலம்பாடி மாடு. பால் குறைவு, வண்டிக்கும் ஏருக்கும் பேர்போனது. திமிலுக்கு முன்னால் கழுத்தில் ஏறும் நுகத்தடியும் பூட்டாங்கயிறும்தான் அதன் வலிமையைப் பாரத்தோடு சேர்க்கின்றன. குதிரைக்குத் திமில் கிடையாது. தொண்டையை இறுக்கிய பழைய வார்ப்பட்டை அதற்கு மூச்சுத் திணறல் தந்தது என்பார்கள். தோளில் அமரும் மெத்தைப்பட்டை வந்த பிறகே ஐரோப்பாவில் குதிரைகள் பரவலாகக் கனத்த ஏரையும் மரப்பாரத்தையும் இழுத்தன.

சம்மதம் கேட்காமல் ஓர் உயிரைப் பூட்டுவது அறமாகுமா?

சமணம் இதை நேராக எதிர்கொண்டது. கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகைபாரம் ஏற்றுதல், தீனி தண்ணீர் மறுத்தல் ஆகிய ஐந்தும் இல்லறத்தாரின் கொல்லாமை விரதத்துக்குக் குற்றங்கள். இதைக் கறாராகப் படித்தால், காயடித்து மூக்கணாங்கயிறு குத்திய காளை நுகத்துக்கு வரும்போதே கடன் தொடங்கிவிடுகிறது. மாட்டுப் பொங்கல் பூசை மட்டும் அதைத் தீர்க்காது.

தீர்க்கும் வழி அன்றாடத்தில் இருக்கிறது. 1965ஆம் ஆண்டின் மத்திய விதிகள் நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்கின்றன; வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை பூட்டவே கூடாது. தருமபுரியின் சித்திரை வெயிலில் இந்த விதி ஏட்டோடு நிற்கக் கூடாதது.