ஞானத்துக்கு ஆண் பெண் இல்லை, வாசலுக்கு உண்டு

மணிமேகலை, வஞ்சி நகரத்துச் சமயக் கணக்கர்களிடம் தன் உருவில் போகவில்லை. ஒரு மாதவனாக, அதாவது ஆண் துறவியாக உருமாறித்தான் போனாள். இளம்பெண் என்று தெரிந்தால் ஒருவரும் தத்துவப் பொருளைச் சொல்லமாட்டார்கள் என்று மணிமேகலா தெய்வம் முன்பே எச்சரித்து, மந்திரமும் கொடுத்திருந்தது. அளவைவாதி முதல் பூதவாதி வரை எல்லோரும் அந்தத் துறவியிடம் தங்கள் கொள்கையை விளக்கினார்கள்.

இன்றைக்கு மந்திரம் வேண்டாம், முகப்புப் படத்தை மாற்றினால் போதும். நான் அட்மினாக இருக்கும் வாட்ஸ்அப் வாசிப்புக் குழுவில் மணிமேகலைக் காப்பியத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தோம். வேல் படமும் ‘முருகன் துணை’ என்ற பெயருமாக ஒருவர், அளவை பற்றி நுணுக்கமான சந்தேகங்கள் கேட்பார். “ஐயா, அருமையான கேள்வி” என்று ஆளாளுக்குப் பதில் எழுதுவார்கள். ஒருநாள் தட்டச்சு செய்ய நேரமில்லாமல் அவர் குரல் பதிவு அனுப்பினார். பெண் குரல், பின்னணியில் குக்கர் விசில். அன்றோடு ‘ஐயா’ போயிற்று. அடுத்த கேள்விக்கு, “அம்மா, இதெல்லாம் கொஞ்சம் கனமான விஷயம். முதலில் கதைப் பகுதியைப் படியுங்களேன்” என்று ஒரு பெரியவர் எழுதினார். ஏன் இப்படி என்று கேட்டேன். “ஞானத்துக்கு ஏது சார் ஆண், பெண்? எல்லோரும் சமம்தான். நாம் யாரையும் தடுக்கவில்லையே” என்றார்.

இந்தப் பதிலைப் பற்றித்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. தத்துவம் என்ற அளவில் அதில் பிழையில்லை. அந்தத் தத்துவத்தை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதுதான் கேள்வி.

இதே தத்துவம் வேறு விதமாகப் பயன்பட்டதும் உண்டு. பௌத்தத் துறவிகளின் ஒழுக்க நூலான விநய பிடகம் சொல்லும் சம்பவம் இது. புத்தரை வளர்த்த சிற்றன்னை மகாபஜாபதி கோதமி, தலைமுடியைக் களைந்து, காவி உடுத்தி, சாக்கியப் பெண்களோடு வைசாலிக்கு நடந்தே வருகிறார். வீங்கிய கால்களும் புழுதி படிந்த உடம்புமாக வாசலுக்கு வெளியே நின்று அழுகிறார். புத்தரின் சீடர் ஆனந்தர் அவருக்காக உள்ளே போய்ப் பேசுகிறார். மூன்று முறை கேட்டும் புத்தர் மறுக்கிறார். பிறகு ஆனந்தர் வேறு விதமாகக் கேட்கிறார்: துறவு பூண்ட பெண்ணால் அரஹந்த நிலையை, அதாவது முழு விடுதலையை அடைய முடியுமா, முடியாதா? முடியும் என்கிறார் புத்தர். அப்படியானால் இவர்களுக்கு இடம் கொடுக்கலாமே என்கிறார் ஆனந்தர். எட்டு நிபந்தனைகளோடு அனுமதி கிடைக்கிறது. நூறு வருடம் துறவில் இருந்த பிக்குணியும் அன்றைக்குத்தான் உபசம்பதை (முழுத் துறவு) பெற்ற பிக்குவை வணங்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

ஆக, ‘ஞானத்துக்கு ஆண், பெண் இல்லை’ என்பதுதான் ஆனந்தரின் வாதமும். எங்கள் பெரியவர் அதைச் சொல்லிச் சும்மா இருந்தார். ஆனந்தர் அதைச் சொல்லியே வாசலைத் திறக்கவைத்தார். அதற்கு விலையும் கொடுத்தார். புத்தர் மறைந்தபின் ராஜகிருகத்தில் கூடிய முதல் பௌத்தப் பேரவையில், பெண்களைச் சேர்க்கப் பாடுபட்டதும் அவர்மேல் ஒரு குற்றமாகச் சாட்டப்பட்டது. தனக்கு அதில் தவறு தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, மூத்தோருக்கு மதிப்புக் கொடுத்து மட்டும் அவர் ஒப்புக்கொண்டார்.

பரிந்து பேசுவதோடு வேலை முடிவதில்லை. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில், இலங்கை அரச குடும்பத்து அனுலா துறவு கேட்டபோது, பெண்ணுக்குத் துறவு தர எனக்கு விதியில்லை என்றார் அங்கே பௌத்தத்தைப் பரப்ப வந்த பிக்கு மகிந்தர். அதோடு கைகழுவியிருக்கலாம். ஆனால், தங்கை சங்கமித்தையை வரவழைக்கச் சொன்னார். சங்கமித்தை வெள்ளரசுக் (போதி மர) கிளையோடு அநுராதபுரம் வந்தார், அனுலா அவரிடம் துறவு பெற்றார் என்கிறது மகாவம்சம். தனக்கு உரியதல்லாத இருக்கையை உரியவருக்கு விட்டதுதான் மகிந்தரின் பெருமை.

எங்கள் குழுவில், வங்கியில் ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், “அவங்க கேட்டதுக்கு யாரும் இன்னும் பதில் சொல்லலையே” என்று விடாமல் எழுதினார். தனிக்குழு ஒன்றில் அவரைக் கேலி செய்தார்கள். அடுத்த காதையை நடத்தும் பொறுப்பை ‘முருகன் துணை’யிடமே கொடுத்தோம், நண்பர் அன்று கேட்பவராக மட்டும் இருந்தார்.

குழுக்களில் இருக்கும் ஆண்களுக்கு என் வேண்டுகோள் சின்னது. ஒரு பெண் கேட்ட கேள்வி பதிலில்லாமல் கிடந்தால், அவர் பெயரைச் சொல்லி அதை மறுபடி முன்னே வையுங்கள். அவருக்குப் பதிலாக நீங்கள் பேசத் தொடங்காதீர்கள். ஏச்சு வரும், வரட்டும், ஆனந்தருக்கே வந்தது.