கைப்பேசியும் பகுத்தறிவும்

கம்பியில்லாத் தந்திக் கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும் என்று, 1940களிலேயே 'இனிவரும் உலகம்' என்னும் நூலில் பெரியார் கூறினார். இன்று அது அவ்வாறே சட்டைப்பையில் இருக்கின்றது. கருவி வந்துவிட்டது, அதை ஆளும் அறிவு நமக்கு வந்துவிட்டதா?

தோட்டத்து வீடொன்றை நோக்குவோம். எழுத்தறியாத மூதாட்டி, வாட்ஸ்அப்பில் தம் குரலைப் பதிந்து பட்டணத்துப் பேரனுக்கு அனுப்புகிறார். கடிதம் எழுதித் தருமாறு இனி அவர் ஒருவரையும் கெஞ்ச வேண்டுவதில்லை. இதைத் தீமை என்பார் உளரோ? ஆயினும், அதே கருவியில் வரும் பொய் வைத்தியத்தையும் வதந்தியையும், முன்பு பஞ்சாங்கத்தை நம்பியதுபோலவே பெரியோர் பலர் நம்பிவிடுகின்றனர். அவர்களைக் கண்டு நகைக்கும் இளைஞனோ, சோற்றில் கை வைத்தபடியே திரையிலிருந்து கண்ணை எடுக்க மாட்டாதவனாயிருக்கிறான். இருவர் நிலையும் அடிமை நிலையே.

பிறருக்குச் சொல்லுமுன் நம்மையே சோதிக்கத் துணிந்தோம். இரவு உணவு வேளையில் கைப்பேசியை அலமாரியில் வைத்தோம். முதல் நாள் நம் கை அதைத் தேடிற்று, வெட்கமுற்றோம். சில நாள் கழித்து, நம் தந்தையார் தமக்கு வந்த செய்தியொன்றைச் சொல்லி, "இது மெய்தானா, தம்பி?" என்று வினவினார். முன்னரும் அவருக்கு அவ்வையம் எழுந்திருக்கக்கூடும். கேட்பதற்கு நாம்தாம் அங்கே இல்லை.

முதியோர் ஐயுறக் கற்கட்டும். இளையோர் நிமிர்ந்து பார்க்கக் கற்கட்டும். இரண்டையும் ஒரே உணவுப் பலகையில் இன்றிரவே தொடங்கலாம்.