பின்னாலிருந்து ஓர் அழைப்பு

கோ-கோ ஆட்டத்தில் துரத்தும் அணியின் ஒன்பது பேரில் எட்டுப் பேர் நடுக்கோட்டில் அமர்ந்திருப்பர். அடுத்தடுத்தவர் எதிரெதிர்த் திசையை நோக்கியிருப்பர். துரத்துபவன் இடையில் திரும்பவோ நடுக்கோட்டைக் கடக்கவோ கூடாது. ஓடுபவன் மறுபுறம் சென்றுவிட்டால், அப்புறம் நோக்கி அமர்ந்திருக்கும் தோழனைப் பின்னாலிருந்து தொட்டு, ‘கோ’ என்று கூறி, அவனது இடத்தில் தான் அமர வேண்டும். அழைக்கப்படாமல் எவனும் எழலாகாது.

பதின்மூன்று, பதினான்கு வயதில் மனத்தை வாட்டுவதும் ‘என்னை யார் அழைப்பார்கள்?’ என்னும் ஏக்கந்தானே! இங்கு அவ்வழைப்பு குலத்தையோ செல்வத்தையோ பார்த்து வருவதில்லை. அருகில் இருக்கிறான், உரிய திசையை நோக்கியிருக்கிறான், அதுவே தகுதி.

ஆனால் விதி கட்டாயப்படுத்தும் விட்டுக்கொடுத்தல் அறமாகுமா? செயலின் நோக்கத்தையே அளவுகோலாகக் கொண்ட கான்ட்டின் வழி நின்றால், ஆகாது. பழகப் பழகவே நற்பண்பு அமைகிறது என்பது அரிஸ்டாட்டிலின் கொள்கை. பின்னதே இளைஞர் விஷயத்தில் பொருத்தமாகத் தோன்றுகிறது. எனினும் அப்பழக்கம் மைதானத்தின் எல்லையைத் தானாகத் தாண்டிவிடுவதில்லை. ஆட்டத்தில் இடம் மாற்றிக்கொண்ட மாணவர்களே மதிய உணவுக்குச் சாதிக்கொரு வட்டமாக அமர்வதும் நம் நாட்டில் உண்டு. அங்கே அழைத்தாக வேண்டும் என்ற விதி இல்லை. சற்றுத் தள்ளித் தனியே உண்பவனுக்கோ, காலையில் முதுகுக்குப் பின்னால் ஒலித்த அந்தக் குரல் இன்னும் மறக்கவில்லை.